நவம்பர் வரைக்கும் காப்புறுதி

சபியாவின் நாக்குக்குப் பயப்படாதவர்கள் என்றால் அந்தக் குடியிருப்பில் கைக்குழந்தைகள்தான். தெலுக் இந்தானில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனை முப்பது வருடம் நடத்தியவர். கடன் சொல்லிச் சாப்பிட்ட ஆசிரியர்களை மாணவர்கள் முன்னாலேயே நிறுத்திக் கேட்டவர். அப்படிப்பட்டவர் இரண்டு மாதமாக வாயைத் திறந்தால் தேனாக ஒழுகியது. காரணம் இல்லாமலா? அவருக்கு ஹஜ் முறை வந்துவிட்டது. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, இனி தனக்குப் பதிலாகப் பிள்ளைகள்தான் போகவேண்டியிருக்கும் என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்தது.

முறை வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, தன்னால் மனம் நொந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, பாக்கி எதுவும் இல்லாமல் போகவேண்டும். மற்றவர்களுக்கு அது ஐந்தாறு வீடு. சபியாவுக்கோ கிட்டத்தட்ட ஊர் முழுக்க. ஒரு வீட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாள் அவர்களோடு சண்டைக்குப் போனால் திரும்பவும் அதே வாசலில் போய் நிற்கவேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே வாயைக் கட்டினார்.

காரை விற்றதும் இதனால்தான். திரும்பி வந்து ஓட்டக் கண்ணும் சரியில்லை. தன் பெயரில் எதுவும் தொங்கிக்கொண்டிருக்கவும் கூடாது. பழைய கார் வாங்கும் கடைக்காரன் வந்து வெள்ளிநிற சாகா காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னான். 'அந்த விலைக்கு டயரைக் கழற்றித் தருகிறேன், உருட்டிக்கொண்டு போ' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "பாக்கலாம் தம்பி" என்று அனுப்பினார்.

கடைசியில் எதிர்வீட்டு ரம்லான் வாங்கினான். குளிர்சாதனம் பழுதுபார்ப்பவன். ஏணியையும் வாயு சிலிண்டரையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மழையில் நனைந்தபடி தொழிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். போர்ட்டிகோவில் நின்றே விலை பேசி முடித்தார்கள். "வித்தேன்" என்றார் சபியா. "வாங்கினேன்" என்றான் ரம்லான். பணம் கை மாறியது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெருந்தன்மை யாரை விட்டது?

"பெட்ரோல் அரை டாங்க் இருக்கு ரம்லான். சாலை வரி நவம்பர் வரைக்கும் இருக்கு. இன்சூரன்ஸும் நவம்பர் வரைக்கும் இருக்கு. எல்லாத்தையும் உனக்கு ஹலால் பண்ணிட்டேன். மனசாரச் சொல்றேன், நீ அனுபவி."

ரம்லானுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஜனங்களிடையே இது சாதாரண வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டு ரம்புத்தானைக் கேட்காமல் பறித்தவன்கூட, மரத்துக்காரர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்துவிட்டால் நிம்மதியாகத் தின்னலாம். பெட்ரோலையும் அப்படிக் கொடுத்துவிடலாம்தான். காப்புறுதியை அப்படிக் கொடுக்க முடியாது, அது காரோடு போவதில்லை, யார் பெயரில் எழுதியதோ அந்த ஆளோடுதான் நிற்கும் என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது.

பெயர் மாற்றும் அலுவலகத்துக்குப் போனபோதுதான் ரம்லானுக்குத் தெரிந்தது. போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"பேரு மாத்தியாச்சா?" என்று கேட்டார் சபியா. தெருவில் இளையவர்களுக்கெல்லாம் அவர் மக்சிக், அதாவது அத்தை.

"இல்ல மக்சிக். முதல்ல என் பேருல புது இன்சூரன்ஸ் எடுத்துட்டு வரச் சொல்றாங்க. பேரை மாத்தின நிமிஷமே நீங்க குடுத்தது செத்துடுமாம். நல்லா உயிரோட இருக்கறதை நாமளே எதுக்குக் கழுத்தைத் திருகணும்? நவம்பர்ல தானா முடியட்டும். அடுத்த நாளே மாத்திடறேன்."

"நவம்பர்ல நான் மக்காவுக்குப் போயிட்டே திரும்பி வந்திருப்பேன்டா. கார் என் பேருல இருக்கக்கூடாதுன்னுதானே வித்தேன்."

"அப்ப குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களா மக்சிக்?" என்றான் ரம்லான், ரொம்பப் பணிவாக. "குடுத்ததைத் திருப்பி வாங்கறவங்களை மார்க்கத்துல எதோட ஒப்பிட்டிருக்குன்னு உங்களுக்கே தெரியும். என் வாயால சொல்லமாட்டேன்."

கக்கினதைத் திரும்ப நக்கும் நாயோடு. அது தெரியாதவர் யார்? பழைய சபியாவாக இருந்தால் அவன் பாட்டன் வாங்கிய கடன் வரைக்கும் இழுத்துத் தெருவில் போட்டிருப்பார். புதிய சபியா, "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையைப் பார்த்துத் திட்டினார்.

ரம்லான் காரின் இரண்டு பக்கக் கதவுகளிலும் தன் தொழிலையும் தொலைபேசி எண்ணையும் கொட்டை எழுத்தில் ஒட்டிக்கொண்டான். மழையிலும் நனையாமல் போய்வந்தான். சந்தோஷமாகத்தான் இருந்தான், பாவம். ஒரு நாள் காலை சந்தை முனையில் பார்க்காமல் திருப்பினான். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தவர் செங் ஹுவாட். சோயாப் பால் விற்பவர், ஊருக்கே தெரிந்த ஆள். பாத்திரங்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

அன்று மாலை ரம்லான் வந்து சபியாவின் கூடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தப்பு என்னோடதுதான் மக்சிக். போலீஸ்லயும் அப்படித்தான் சொன்னேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலேர்ந்து விசாரிக்க ஆள் வருவாங்களாம். உங்ககிட்டதான் வருவாங்க, கார் உங்க பேருலதானே இருக்கு. அன்னிக்குக் கார் யாருதுன்னு கேப்பாங்க. உங்களதுன்னா செங் ஹுவாட்டுக்குக் கம்பெனி குடுக்கும். வித்துட்டேன்னு சொல்லிட்டீங்கன்னா பாலிசியே செல்லாதாம். கையைக் கழுவிட்டுப் போயிடுவாங்களாம். என் மச்சான் விசாரிச்சுட்டான்."

"அப்ப நீ குடு."

"என்கிட்ட என்ன மக்சிக் இருக்கு? ஏணி இருக்கு."

"பொய் சொல்லச் சொல்றியா? எந்த முகத்தை வெச்சுக்கிட்டுடா நான் அங்க போய் நிக்கறது?"

"நான் ஒண்ணும் சொல்லச் சொல்லலை," என்றான் ரம்லான். "என்ன சொன்னா என்ன ஆகும்னு சொல்ல வந்தேன். அவ்வளவுதான்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. இத்தனை வருடம் காத்திருந்தது சுத்தமாகப் போய் நிற்கத்தான். உண்மையைச் சொன்னால் தான் சுத்தம், செங் ஹுவாட் தெருவில். பொய்யைச் சொன்னால் செங் ஹுவாட்டுக்குச் சோறு, தான் அழுக்கு. நடுவில் நிற்க ஒரு சாண் இடம்கூட இல்லை. சபியாவுக்கு ரம்லான்மேல் வந்த கோபத்தைவிட, அந்த 'ஹலால் பண்ணிட்டேன்' என்ற தன் வாய்மேல் வந்த கோபம்தான் பெரியது.

செங் ஹுவாட் வீட்டுக்குப் போனார். எப்படியும் போகவேண்டிய வீடுதான். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களில் அவரும் ஒருவர். கேன்டீன் நாட்களில், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் முன்னால் அவருடைய சோயாப் பாலை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தரையில் ஊற்றி, "இதுக்குக் குழாய்த் தண்ணி தேவலாம்" என்று சொல்லியிருந்தார்.

செங் ஹுவாட் கூடத்தில் மெத்தைமேல் படுத்திருந்தார். காலில் இரும்புக் கம்பிகள். அவர் மனைவி பின்கட்டில் சோயாவைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் வைத்து எத்தனை குவளை விற்கும்? தொழிற்சாலை வாசலில் விடியற்காலையில் நிற்கவேண்டும், அப்போதுதான் அது வியாபாரம்.

"அக்கா மக்காவுக்குப் போறீங்களாமே," என்றார் செங் ஹுவாட். "நானும் போறேன், கக்கூஸுக்கு. ரெண்டு பேர் தூக்கணும். அங்க போனா என் காலுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. உங்க கடவுளுக்கு என்னைத் தெரியாது. அட்ரஸ் எழுதித் தரவா?"

சபியா சிரிக்க முயன்றார். வரவில்லை. பிறகு அந்தப் பள்ளிக்கூட வாசல் சங்கதியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

செங் ஹுவாட் தலையணையில் முகத்தைத் திருப்பினார். "அது தண்ணிப் பால்தான் அக்கா. அப்ப என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தா. சோயா வாங்கக் காசு இல்ல, பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தினேன். நீங்க சொன்னது நிஜம். ஆனா அப்புறம் அந்த ஸ்கூல் வாசல்ல ஒரு பிள்ளைகூட வாங்கலை. நான் இடத்தை மாத்திக்கிட்டேன். விடுங்க, அதுக்கென்ன இப்ப. என்னிக்கோ மன்னிச்சாச்சு."

நிஜத்தைத்தானே சொன்னோம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தவர் சபியா.

விசாரிக்க வந்தவர் பெயர் நஸ்ரின். டை கட்டிய, வியர்த்துப்போன மனிதர். சபியா அவருக்குக் காபியும் வாழைப்பழ பஜ்ஜியும் வைத்தார். ஒன்றைத் தின்றுவிட்டுத்தான் அவர் பேனாவை எடுத்தார்.

"விபத்து நடந்த அன்னிக்குக் கார் யாருது மக்சிக்?"

"என்னோடது."

"ரம்லான் கையில எப்படி வந்துச்சு?"

சபியா சுவரைப் பார்த்தார். அங்கே கஃபாவின் படம் மாட்டியிருந்தது. பார்வையை இறக்கிக் காபிக் கோப்பையைப் பார்த்தார். "இரவல் குடுத்தேன். எதிர்வீட்டுப் பையன். மழையில நனையறானேன்னு."

நஸ்ரின் எழுதினார். எழுதிக்கொண்டே ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். முன்பக்கம் நசுங்கிய சாகா அங்கே நின்றது. கதவில் ரம்லானின் எண் இங்கிருந்தே படிக்கத் தெரிந்தது.

"இரவல் வாங்கின காருல இவ்வளவு பெரிசா நம்பர் ஒட்டியிருக்காரே?"

"அவன் எப்பவும் அப்படித்தான். இடம் குடுத்தா மடத்தைப் பிடுங்கற ஆளு."

நஸ்ரின் அவர் முகத்தையே பார்த்தார். சபியாவும் பார்த்தார். முப்பது வருடக் கேன்டீன் கண்கள் அவை, ஒரு வாத்தியாரும் எதிர்த்துப் பார்த்ததில்லை. நஸ்ரின் தாளைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். சபியா போட்டார். நஸ்ரின் எழுந்து செருப்பை மாட்டும்போது சபியா வாசல்வரை போனார்.

"தம்பி, நான் ஹஜ்ஜுக்குப் போறேன். என்னை மன்னிச்சுடணும்."

"என்னையா? இன்னிக்குத்தானே மக்சிக் உங்களைப் பாக்கறேன். எனக்கு நீங்க என்ன கெடுதல் பண்ணினீங்க, பஜ்ஜிதான் குடுத்தீங்க." ஒரு செருப்பை மாட்டிவிட்டு நின்றார். "என் பங்குக்கு மன்னிச்சாச்சு. கம்பெனி பங்குக்கு மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்ல. வேற யாருக்கு இருக்குன்னும் எனக்குத் தெரியலை."

அவர் போனபிறகு சபியா வாசலிலேயே நின்றார். ஊரில் எல்லார் கதவையும் தட்டியாகிவிட்டது. இதற்குத் தட்டக் கதவில்லை.

மறுநாள் காலை அவர் தெருவைக் கடந்து போய் ரம்லான் வீட்டு இரும்புக் கதவை ஆட்டிய ஆட்டில் நாலு வீட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"எழுந்து வாடா வெளியே. குடுத்ததைத் திருப்பி வாங்க வந்திருக்கேன். நாயின்னுதானே சொல்ல வந்த? நாய்தான். வள்ளுன்னு கடிக்கறதுக்குள்ள சட்டையைப் போடு. அசிங்கமா ஒரு வேலையைச் செய்ய வெச்சுட்டு, இன்னும் நவம்பர் வரைக்கும் என் பேருல ஊர் சுத்தலாம்னு பாக்கறியா? ஏணியை வித்தாவது இன்சூரன்ஸ் எடு. இன்னிக்கு என் கட்டைவிரலை நான் பேரு மாத்தற கவுண்டர்ல வெச்சுட்டுத்தான் தண்ணி குடிப்பேன்."

இதெல்லாம் ஆரம்பம்தான். பிறகு அவன் பாட்டன் வரைக்கும் போனார். பக்கத்து வீட்டுக்காரி தன் கணவனிடம், "அப்பாடா, உடம்பு சரியாயிடுச்சு போல" என்றாள். இரண்டு மாதமாகச் சபியா பேசாததில் தெருவுக்கே ஒரு கலக்கம் இருந்திருக்கிறது.

ரம்லான் மனைவியின் வளையலை அடகு வைத்தான். புதுக் காப்புறுதி எடுத்தான். கவுண்டரில் சபியாவின் கட்டைவிரல் ரேகை உடனே விழவில்லை. அடுப்பிலும் பாத்திரத்திலும் தேய்ந்த விரல். துடைத்துத் துடைத்து வைத்ததில் கடைசியில் இயந்திரம் ஒப்புக்கொண்டது. கார் அவன் பெயருக்குப் போனது.

கிளம்பும் நாள் வாசலில் பேருந்து நின்றது. தெருவே வந்திருந்தது. செங் ஹுவாட்டின் மனைவி ஒரு தூக்கு நிறையச் சோயாப் பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கம்பெனியிலிருந்து பணம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள் என்று காதோடு சொல்லிப் போனார். ரம்லான் கடைசியாக வந்து கையைப் பிடித்தான். அன்று தெருவில் திட்டியதற்கு அவனிடமும் மன்னிப்புக் கேட்டார் சபியா. அவனும் கேட்டான்.

பிறகு பக்கத்தில் குனிந்து, "அந்த விஷயத்துக்கும் அங்க போய்க் கேட்டுடுங்க மக்சிக்," என்றான். "அரஃபா மைதானத்துல நின்னு கேட்டா எப்பேர்ப்பட்டதும் கரைஞ்சுடுமாம்."

சபியாவின் கண்ணில் நீர் நிறைந்தது. முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டார்.

"செஞ்சதுக்கு வருத்தப்பட்டுக் கேட்டாத்தான்டா அது மன்னிப்பு," என்றார். "நானும் வருத்தப்பட்டுப் பாக்கறேன் ரம்லான். வரமாட்டேங்குது."