றொபேட் கேட்ட துவக்கு

தம்பி டெனிஸ்ரனைப் புதைத்து எட்டாம் நாள் பாரிஸிலிருந்து றொபேட் அன்ரனிட்டாவுக்குத் தொலைபேசி எடுத்தான். அவளின் சித்தி மகன். செத்தவீட்டுக்கு எடுக்கவில்லை, லைன் கிடைக்கவில்லையாம்.

"அக்கா, கேள்விப்பட்டு உடைஞ்சுபோனன். டெனிஸ்ரன்ரை பாஸ்வேட் உங்களுக்குத் தெரியும்தானே?"

இரண்டுக்கும் நடுவில் அவன் மூச்சுக்கூட விடவில்லை.

பாஸ்வேட் ஒரு விளையாட்டுக்கு. உலகமெல்லாம் இருந்து ஆட்கள் இன்ரநெற்றில் கூடி விளையாடுவது. பறக்கும் பாம்பும் சூனியக்காரரும் நிறைந்த ஒரு நாடு. அங்கே வாள்காரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம். டெனிஸ்ரன் எடுத்தது எஞ்சினியர் வேடம். தோல் அங்கி, வட்டக் கண்ணாடி, கையில் சுடுவதற்கு ஆளுயரப் பித்தளைத் துவக்கு. ஆசைப்பட்டு எடுத்ததில்லை. தீவிலே, ஊர்காவற்றுறையில் குலசிங்கத்தின் கொமினிகேசன் கடைக்கு இன்ரநெற் டெலிபோன் வயரில் வந்தது. அந்த லைனில் வாளை ஓங்கினால், அது இறங்குவதற்குள் எதிரி உன்னைக் கொன்று முப்பத்தோராம் நாள் பூசையும் வைத்துவிடுவான். எஞ்சினியர் அப்படியில்லை. ஒரு முக்காலித் துவக்கை நிலத்தில் பூட்டி வைத்தால் போதும், லைன் அறுந்தாலும் அது தன்பாட்டில் சுட்டுக்கொண்டிருக்கும். தீவாருக்குத் தோதான வேடம் அது ஒன்றுதான்.

அதையும் அவனோடு சேர்ந்து விளையாடிய றொபேட் கூட்டம் விடவில்லை. "உன்ரை லைனுக்குச் சண்டை ஏலாது. பின்னாலை நிண்டு ரவையைச் செய்" என்றார்கள். ஒன்றரை வருடம் தம்பி பட்டறையில் நின்று ரவை ரவையாகத் துவக்குக் குண்டு வார்த்தான். அவர்கள் அதைக் கொண்டுபோய்ப் பாம்பைச் சுட்டுவிட்டு வந்து வீரம் பேசினார்கள். அவன் கடலுக்குப் போகும் நாட்களில் அந்த ஊழியம் அக்காவின் தலையில் விழும். பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்து, சோறு தின்ன முன்னம், பாரிஸ் வீரர்களுக்கு ரவை எடுத்து வைப்பாள். தான் செய்த அந்தப் பித்தளைத் துவக்கை மட்டும் டெனிஸ்ரன் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அதைப்போல இன்னொன்று அந்த நாட்டிலேயே இல்லையாம்.

"ஏன் பாஸ்வேட்?" என்று அன்ரனிட்டா கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாப்பது பேர் அங்கை கூடுறம். வரிசையாய் நிண்டு மேலை வெடி வைப்பம். அவன்ரை ஆள் நடுவிலை நிக்கோணும். நான் கொண்டுவந்து நிப்பாட்டுறன்."

"சூடுபட்டுச் செத்தவனுக்கு வெடியோ, தம்பி?"

"அது மரியாதை அக்கா. உங்களுக்கு உதுகள் விளங்காது."

றொபேட் கலியாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் செத்தவீட்டில் பிணமாகவும் இருக்கப் பார்ப்பவன் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அவனோடு பேசுவது அன்றைக்குத்தான் முதல்முறை. அந்த இடத்திலேயே தொலைபேசியை வைத்திருப்பாள். ஆனால் பக்கத்தில் நின்ற தாய் மேரிஜோசப்பின் கேட்டுவிட்டாள்.

"நாப்பது பேர் வருவினமாமோ?"

"விளையாட்டிலை, அம்மா. பொய்யாக்கள்."

"பொய்யெண்டாலும் வருகினம்தானே. இஞ்சை பொய்க்கும் ஒருத்தரும் வரேல்லை."

அது உண்மை. டெனிஸ்ரனைச் சந்தியில் வைத்து யாரோ சுட்டார்கள். 2006 மாசி, யாரென்று கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. பயத்தில் ஊர் படலையைச் சாத்திக்கொண்டது. பெட்டி தூக்க நாலாவது ஆள் இல்லாமல் தகப்பன் சில்வெஸ்ரரே ஒரு மூலையைப் பிடித்தார்.

"பாஸ்வேட் தர ஏலாது. நான் கொண்டுவந்து விடுறன்" என்றாள் அன்ரனிட்டா.

ஞாயிறு பின்னேரம், பாரிஸில் மத்தியானம், தாயைக் கடைக்குக் கூட்டிப்போனாள். குலசிங்கம் கதிரையைத் துடைத்துப் போட்டான். தாய் பூசைக்கு உடுக்கும் சேலை உடுத்து, கையில் செபமாலையோடு வந்திருந்தாள். திரை திறந்ததும் விளையாட்டின் தபால்பெட்டியில் றொபேட்டின் நாலு கடிதங்கள் கிடந்தன. தம்பி செத்த கிழமையில் போட்டவை. 'ரவை முடிஞ்சுது', 'எங்கை நிக்கிறாய்', 'நித்திரையோ', 'உன்னாலை நாங்கள் தோத்தம்.' அதற்கு மட்டும் லைன் கிடைத்திருக்கிறது.

வந்தவர்கள் நாற்பது பேரில்லை. ஒன்பது பேர். அதில் ஒருவன் மாட்டுத் தலையோடு ஆடிக்கொண்டிருந்தான்.

"உது ஆர், பிள்ளை?"

"கூட்டாளி, அம்மா."

வரிசையாக நின்று துவக்கை மேலே பிடித்தார்கள். முதல் வெடியில் தாய் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். குலசிங்கம் பாய்ந்து வந்தான்.

"ரீச்சர், சத்தத்தைக் குறையுங்கோ! றோட்டிலை ஆக்கள் நிக்கினம்!"

மிச்ச வெடியெல்லாம் சத்தமில்லாமல் புகைந்தன. தாய் திரையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். புகை அடங்கவில்லை, அதற்குள் றொபேட்டின் எழுத்து வந்தது. இங்கிலிஸ் எழுத்தில் தமிழ்.

'அக்கா முடிஞ்சுது. இப்ப அந்தத் துவக்கை எனக்குத் தாங்கோ. நாளைக்குச் சண்டை இருக்கு. அவனுக்கு இனி அது தேவையில்லைத்தானே.'

"என்ன எழுதுறான்? செபம் சொல்லுறானோ?"

"ஓமம்மா."

"நல்ல பிள்ளை."

அன்ரனிட்டா டெனிஸ்ரனின் எஞ்சினியரை வரிசையிலிருந்து எடுத்து, மெல்ல நடத்திப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ஒன்பது பேரும் பின்னால் வந்தார்கள், மாட்டுத் தலைக்காரன் ஆடியபடியே. எஞ்சினியருக்கு ஒரு வசதி உண்டு: தான் செய்ததைத் தானே உடைக்கலாம். துவக்கை உலை மேடையில் வைத்தாள். உண்மையாகவே உடைக்கவா என்று விளையாட்டு கேட்டது.

றொபேட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. 'அக்கா வேண்டாம்', 'அக்கா பைத்தியமோ', 'அக்கா அது என்ன துவக்கெண்டு தெரியுமோ' என்று எழுத்து எழுத்தாகக் கொட்டியது.

தெரியும். அதற்கு வார்த்த பித்தளையில் பாதி அவள் எடுத்துக் கொடுத்தது.

அழுத்தினாள். லைன் இழுத்தது. ஒரு கணம் எல்லாம் உறைந்து நின்றது. அறுந்துபோகுமோ என்று பயந்தாள். பிறகு துவக்கு இருந்த இடத்தில் ஒரு சின்னக் குவியல் பித்தளைக் கட்டிகள் கிடந்தன. அவ்வளவையும் அள்ளி றொபேட்டின் பெயருக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி எழுதினாள்: 'ரவையை இனி நீயே செய்.'

தம்பியின் ஆள் வெறுங்கையோடு நின்றது. அதை அப்படியே விட்டுத் திரையை மூடினாள்.

வெளியே வந்ததும் தாய் செபமாலையைச் சுருட்டியபடி கேட்டாள்: "இவ்வளவு செய்த பிள்ளையள். வெறுங்கையோடை அனுப்பினனியே?"

"இல்லையம்மா. குடுக்கவேண்டியதைக் குடுத்துத்தான் அனுப்பினனான்."