வெள்ளைத் துணி கட்டிய முளைகள்

செமுவின் குழியில் அந்தக் கிழங்கு பன்னிரண்டு வருடமாக இருந்தது. அவன் மகள் மெலேவுக்கு முன்பல் விழுந்த வருடம் நட்டது. அவள் கல்யாணத்துக்கென்றே வளர்ந்தது. பெண்ணின் அப்பா கம்பில் கட்டிச் சுமந்துவரும் கிழங்கைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் அவன் எப்படிப்பட்ட ஆள் என்று முடிவு செய்வார்கள்.

அது நம் புலாக்கா, சேம்புக்குப் பெரிய அண்ணன். இலை ஒரு ஆளை மறைக்கும். அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும், உப்பு மட்டும் ஆகாது. நம் ஃபுனாஃபுட்டித் தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் எண்ணெய்போல் மெல்லிசாக மிதக்கிறது. அந்த நீர் தட்டும்வரை பவளக்கல்லை உடைத்துத் தோண்டி, தலைமுறை தலைமுறையாகத் தழை போட்டு மக்கவைத்தால்தான் குழியில் சேறு உண்டாகும். செடியைச் சுற்றி ஓலையால் கூடை பின்னி அதற்குள் தழையை நிரப்புவோம். எந்தத் தழை, எவ்வளவு என்பது வீட்டு ரகசியம். செமு எனக்குக்கூடச் சொன்னதில்லை. அவன் என் தங்கை புருஷன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஜப்பானோடு சண்டை போட அமெரிக்கர்கள் வந்து இறங்கினார்கள். விமானம் ஓட நீளமும் அகலமும் உள்ள தரை வேண்டும். நம் தீவில் அப்படி இருப்பது ஒரே இடம், அங்கேதான் எல்லோருடைய குழிகளும். நான்கு பேர் முக்காலியில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து எட்டிப் பார்த்தபடி வந்தார்கள். வழி நெடுக முளை அடித்து, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி கட்டினார்கள். செமுவின் குழியோரத்தில் இரண்டு.

பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவன் நான் என்பதால் செமு என்னிடம் வந்து அது எதற்கென்று கேட்டான். நான் அவர்களிடம் போய்க் கேட்கவில்லை. எனக்கே தெரியும் என்று நினைத்தேன். காய் பறிக்கக் கூடாதென்றால் நாம் தென்னையைச் சுற்றி ஓலை கட்டுகிறோம். கட்டியவன் அவிழ்க்கும்வரை மரத்துக்காரனே தொடமாட்டான். அவர்களிடம் ஓலை இல்லை, துணி கட்டியிருக்கிறார்கள். குழிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாதென்று சோல்ஜர்களுக்குத் தடை. மணலில் படம் போட்டுக் காட்டி விளக்கினேன்.

“அப்ப நான்?” என்றான்.

“கட்டினவன் அவுக்கட்டும் மச்சான். கல்யாணத்துக்குத்தான் நாள் கெடக்கே.”

ஒன்பது நாள் அவன் குழியில் இறங்கவில்லை. காற்றில் ஒரு முளை சாய்ந்தபோது நிமிர்த்தி, குதிகாலால் மிதித்து இறுக்கினான். பக்கத்துக் குழிக்கார லோட்டோ அதைப் பார்த்து, “உன் கிழங்குக்கு வெள்ளக்காரன் கோமணம் கட்டி விட்டிருக்கானா?” என்றான். “உன் கிழங்குக்குக் காவல் போட எவனுக்கு மனசு வரும்?” என்றான் செமு. இருவரும் சிரித்தார்கள்.

பத்தாம் நாள் காலை புல்டோசர் வந்தது.

நான் அதிகாரியிடம் ஓடினேன். அவர் பொறுமையாகவே வரைபடத்தை விரித்தார். ஓடுதளத்தின் நடுக்கோடு குழிக்கு மேலேயே போனது. “அடையாளம் போட்டு பத்து நாளாச்சே. வேணுங்கறத ஏன் எடுத்துக்கல?” என்று கேட்டார். வண்டிக்கு டீசல் ஊற்றும்வரை பொறுப்பதாகவும் சொன்னார்.

“என்ன சொல்றார்?” என்றான் செமு.

“டீசல் ஊத்தி முடிக்கிற வரைக்கும் டைம் தர்றாராம்.”

அவ்வளவு பெரிய கிழங்கை எடுக்க, முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். பிறகு பக்கவேர்களை ஒவ்வொன்றாக அறுத்து, அடியில் கம்பு கொடுத்து நெம்ப வேண்டும். இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை. இறைக்காமலே குதித்தோம். இடுப்பளவு சேற்றில் செமு தடவித் தடவி அறுத்தான், நான் நெம்பினேன். கிழங்கின் தோள் தெரிந்தது. அவன் இரு கையாலும் கட்டிப் பிடித்தான், விரல்கள் எட்டவில்லை.

இன்ஜின் உறுமியது. செமு ஏறவில்லை. ஓட்டுநர் நிறுத்தி, தொப்பியைக் கழற்றி முகம் துடைத்து, அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் மச்சானின் கையைப் பிடித்து இழுத்தேன். மேலே வருவதற்கு முன் அவன் ஒரே வெட்டில் கிழங்கின் தலையை, தண்டோடு உள்ளங்கை கனத்துக்கு, அறுத்தெடுத்துக்கொண்டான்.

அவர்கள் பவளக்கல்லை நொறுக்கிக் கொட்டி, லாரியில் கடல்நீர் கொண்டுவந்து தெளித்து, உருளையால் அழுத்தினார்கள். உப்புநீர் பட்டு இறுகினால் நொறுக்கிய பவளம் சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். நல்ல முறை. மிஞ்சின உப்புநீர் மட்டும் கீழே நம் நல்ல தண்ணீருக்குள் இறங்கும். போய்ச் சேர வேறு இடம் கிடையாது. நாலாம் நாள், முளைகளுக்கு வெளியே தப்பித்திருந்த லோட்டோவின் குழியில் இலையோரம் கருகத் தொடங்கியது.

கல்யாணத்துக்கு அமெரிக்கர்கள் இரண்டு பெட்டி டின் இறைச்சி கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. செமு பந்தியில் உட்காரவில்லை.

மறுநாள் ஈரச்சாக்கில் சுற்றிய தலைத்துண்டோடு என்னிடம் வந்தான். நட்டால் அது மறுபடி கிழங்கு வைக்கும். மிச்சமிருந்த குழிகளுக்கெல்லாம் போய், ஒவ்வொன்றிலும் விரலை நனைத்து வாயில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்த்தோம். கடைசிக் குழியில் அவன் எச்சிலைத் துப்பினான்.

“இத எங்க நடறது மச்சான்? உனக்குத் தெரியுமே.”

தண்ணீர் லாரி அடுத்த நடைக்குக் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சாக்கு காயாமல் இருக்க வேண்டுமே என்று, என் வீட்டு மழைத்தொட்டியிலிருந்து ஒரு சிரட்டை மொண்டு ஊற்றினேன்.