வலது புருவத்துத் தழும்பு

மணிக்கட்டு வலி முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. ஆள்காட்டி விரல் நுனி மரத்துப்போய் நாலு மாதம். என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுச் செத்தும் நாலு மாதம்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு நேரமில்லை.

பலகையில் படம் சுடுவது என் வேலை. சூட்டுப்பேனாவால் கோடு இழுத்து, ஸ்டெயின் என்கிற மரச்சாயம் ஏற்றி, அதன்மேல் பெயின்ட் அடித்துக் கொடுப்போம். ஹோட்டல் அறைகளுக்கு மான், மயில், படகு. இந்த முறை அவர் முகத்தைச் சுட்டேன், அத்தைக்காக.

அத்தை என் மாமியார். அவருக்கு இப்போது கண் தெரியாது. விபத்து நடந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்கக் கூடாது என்றுவிட்டார்கள். அத்தை துணியைத்தான் தடவினார். "ஒரு தடவ அவன் மூஞ்சிய தொட்டுப் பார்த்திருந்தா போதும்" என்று தினமும் சொல்வார். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் தரேன் அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்று கோடுகளை ஆழமாகச் சுட்டேன். கோடு ஆழமாக இருந்தால் ஸ்டெயினும் தாண்டி ஓடாது. தலைமுடிக்குக் கருப்பு, தோலுக்குத் தேக்கு நிறம். சட்டைக்கு நீலம் அடிக்கும்போது பக்கத்து மேசை பெயின்ட்டர் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு கலரு?"

"வர்றவங்க போறவங்க பார்ப்பாங்கல்ல."

"வர்றவங்க போறவங்க காபி குடிக்கத்தான் வருவாங்க. அழுத்திச் சுடறேன்னு பலகைய ஓட்டை போட்டுடாத."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பலகையை அத்தை மடியில் வைத்தேன். முதலில் நெற்றி. மூக்கு. மீசையில் விரல் நின்றது. "மீசைய இவன் ஒழுங்கா வெட்டவே மாட்டான்" என்றார். அப்புறம் புருவம். இடது புருவத்தைத் தடவினார். வலது. மறுபடி இடது.

"தழும்பு எங்க?"

"இருக்கே அத்தை. வலது புருவத்துல."

"இடது பக்கம்டி. நான் கரண்டிய எறிஞ்சு பட்டது. எறிஞ்சவளுக்குத் தெரியாதா?"

என் வீட்டுக்காரர் தன்னைத் தானே எடுத்த போட்டோவை வைத்துத்தான் வரைந்தேன். அவர் போன் கண்ணாடி மாதிரி பக்கம் மாற்றிப் பிடிக்கும். கடைப் பெயர்ப் பலகையை எடுத்த போட்டோ என்றால் எழுத்து திரும்பி நின்று காட்டிக்கொடுத்துவிடும். முகத்தில் எழுத்து கிடையாது.

"பதினொரு வருஷம் அவனுக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டிருக்க. எந்தப் பக்கம்னு தெரியலையா?"

எதிரே உட்கார்ந்தால் அவர் இடது எனக்கு வலது, அதில் குழம்பிவிட்டேன் என்று சொன்னேன். பொய். நான் யோசிக்கவே இல்லை. கண்ணை மூடி அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன். போனில் இருந்த முகம்தான் வந்தது.

அத்தை திட்டவில்லை. பலகையைத் தள்ளிவைத்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. யாரு பெத்த பிள்ளையோ."

உப்புத்தாளை எடுத்து வந்து தழும்பைத் தேய்த்துப் பார்த்தேன். ஸ்டெயின் போனது, கோடு போகவில்லை. அவ்வளவு ஆழம். தேய்த்த இடம் சொறி மாதிரி வெளுத்தது. அப்படியே தேய்த்தால் புருவமே போய்விடும் என்று நிறுத்தினேன். மரப்பசை வைத்து அடைக்கலாம். அத்தை விரலுக்கு அதுவும் தெரியும். வேறு பலகையில் முதலிலிருந்து சுட வேண்டும். அதற்கு மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை.

பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அத்தைக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா இல்லையா, தெரியாது.

திங்கட்கிழமை பட்டறையில் மான் சுட்டேன். செவ்வாயும் மான்.

அத்தைக்கு அவர் மகன் முகத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. அது பாக்கி.