நாற்காலி நகராட்சிக்கு, ஆசிரியை மாநிலத்துக்கு

1972 செப்டம்பரில், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் எங்கள் வட்டாரத் தொடக்கப் பள்ளியில், இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் பின்வருமாறு. கரும்பலகைக்குப் பக்கத்தில், அந்த அறையில் பெரியவர்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலியில், வகுப்பாசிரியை ஃப்ராவ், அதாவது திருமதி, லூடர்ஸ். சன்னலோரம் ரொட்டிக்கடைக்காரர், ஏழு வயதுப் பிள்ளையின் நாற்காலி ஆனதால் அவர் முழங்கால்கள் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தன. நடுவில் டிராம் ஓட்டுநர், சீருடையோடு. அவருக்குப் பின்னால் வழக்கறிஞரின் மனைவி, தொப்பியைக் கழற்றாமல். மற்றவர்கள் முன்வரிசைகளைக் காலியாக விட்டுவிட்டுப் பின்னால் நெருக்கியடித்திருந்தார்கள். காரணம் புரியாத நான் மட்டும் முதல் வரிசையில், என் மகள் பாமாவின் இடத்தில். என் கணவர் சிதம்பரம் வரவில்லை. அவர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் பாளங்களை நசுக்கிக்கொண்டிருந்தார். அவை எந்த அழுத்தத்தில் உடையும் என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

முதல் விஷயம், வகுப்புக்குப் பெற்றோர் பிரதிநிதி ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. “யார் முன்வருகிறீர்கள்?” என்று ஃப்ராவ் லூடர்ஸ் கேட்டார்.

ஒருவர் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். ஓட்டுநர் தன் பொத்தான்களைச் சரிபார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் மேசையில் ஏதோ பிள்ளை செதுக்கி வைத்திருந்த கப்பலை ஆராய்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தலைமையாசிரியர் ஹெர் ப்ரூனிங் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன்.

அருப்புக்கோட்டைப் பெண்கள் பள்ளியில் படித்தவள் வேறு என்ன செய்வாள்? அங்கே தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவோம். இங்கே யாரும் எழவில்லை.

“ஃப்ராவ் சிதம்பரம்! மிக்க நன்றி!” என்றார் ஃப்ராவ் லூடர்ஸ்.

எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். சத்தம் போடாதே என்று கண்டிக்கிறார்கள் என நினைத்து நான் அசையாமல் நின்றேன். அது இந்த ஊரின் கைதட்டல் என்று தெரிந்து உட்காருவதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது.

வீட்டில் சொன்னேன்.

“நீ ஏன் எழுந்த?” என்றார் சிதம்பரம்.

“ஹெட்மாஸ்டர் வந்தார்.”

“வந்தா?”

“நீங்க உக்காந்திருப்பீங்களா?”

“மாட்டேன்” என்றார்.

பதவி தற்செயலாக வந்ததே தவிர, எனக்கு அதில் வேலை இருந்தது. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அதிகம், அறைகள் குறைவு, ஆசிரியர்கள் அதைவிடக் குறைவு. அதனால் ‘ஏ’ பிரிவு காலையிலும் ‘பி’ பிரிவு மதியத்திலும் ஒரே அறையில், ஒரே ஃப்ராவ் லூடர்ஸிடம் படித்தன. மதியம் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். எனக்கோ, பால் நிறுவனம் ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. மதுரையில் வேதியியல் படித்து, ஒன்பது வருடம் அந்தப் பட்டத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. நேரம் காலை எட்டு முதல் பன்னிரண்டரை வரை. டிசம்பரில் சேர வேண்டும். நவம்பர் நடுவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். காலையில் பாமா பள்ளியில் இருந்தால் நான் வேலையில் இருக்கலாம். பாமா வீட்டில் இருந்தால் நானும் வீட்டில்.

ஆகவே ஹெர் ப்ரூனிங்கைப் போய்ப் பார்த்தேன். மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடப்பதைச் சொன்னேன்.

“அதில் உடைந்த பெஞ்சுகளும் பழைய நிலப்படங்களும் இருக்கின்றன. அவை நகராட்சியின் சொத்து. நான் தொடக்கூடாது” என்றார். “கட்டடம், பெஞ்சு, சாக்கட்டி, கணப்பு எல்லாம் நகராட்சி. ஆசிரியர்களும் பாடத்திட்டமும் மாநிலம்.”

“அப்படியானால் ஃப்ராவ் லூடர்ஸ்?”

“மாநிலம்.”

“அவர் உட்காரும் நாற்காலி?”

“நகராட்சி.”

“பிள்ளைகள்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளைகள் உங்களுடையவர்கள்” என்றார்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். பொருள், பார்வை, கோரிக்கை என்று முறையாகப் பிரித்து, பக்கத்துக்கு எண் இட்டு எழுதினேன். எங்கள் மாடியறையில் குடியிருந்த நடேசன்தான் என் ஜெர்மனைத் திருத்தித் தட்டச்சு செய்தது. நடேசன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பொறியியல் படிக்க வந்து, படிப்பை விட வேகமாகத் தட்டச்சைக் கற்றுக்கொண்டவன்.

அவன் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டான். “அக்கா, இதென்ன, நகல் நகல் எண்டு அரைப் பக்கம் கிடக்கு?”

“எல்லாருக்கும் ஒரு பிரதி போகணும். அப்பதான் பயப்படுவாங்க.”

“மேயர், சரி. பள்ளி ஆய்வாளர், சரி. கல்வி அமைச்சருக்குமோ?”

“எங்க ஊர்ல தெருக்குழாய்ல தண்ணி வரலேன்னாலே முதலமைச்சருக்கு நகல் போகும்.”

“போனாப் போல தண்ணி வந்ததோ?”

“நீ அடி.”

“அடிக்கிறன் அக்கா. ஆனா இது மனு மாதிரி இல்லை, கலியாண அழைப்பு மாதிரிக் கிடக்கு. ஒரு சொந்தக்காரரையும் விடேல்லை.”

எங்கள் ஊரில் நகல் அனுப்பினால் ஒன்றும் நடக்காது. இந்த ஊரில் ஒவ்வொரு நகலுக்கும் எண் போட்டுக் கோப்புத் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. பத்தே நாளில் பதில்கள் வரத் தொடங்கின. அமைச்சரின் அலுவலகம், தான் இதற்குப் பொறுப்பான அலுவலகம் அல்ல என்றும், கடிதத்தைப் பொறுப்பான அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதாகவும் மரியாதையாக எழுதியது. அந்த அலுவலகமும் அப்படியே எழுதியது. மேயரின் அலுவலகம் இன்னும் கூடுதல் மரியாதையாக எழுதியது. மாநிலத்தின் பக்கம் இறங்கிய கடிதங்கள் கடைசியில் பள்ளி ஆய்வாளரிடமும், நகராட்சியின் பக்கம் இறங்கியவை பள்ளி நிர்வாக அலுவலகத்திடமும் சேர்ந்தன. அவர்கள் இருவரும், தனித்தனியாக, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முறை, ஹெர் ப்ரூனிங்கிடம் விளக்கம் கேட்டார்கள்.

ஃப்ராவ் லூடர்ஸின் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க, ஹெர் ப்ரூனிங்தான் ‘பி’ பிரிவுக்குச் செவ்வாயும் வியாழனும் கணக்கு எடுத்துவந்தவர். அக்டோபரில் வகுப்புக் கதவில் ஓர் அறிவிப்பு தொங்கியது: “நிர்வாகப் பணி காரணமாகக் கணக்குப் பாடம் நடைபெறாது.”

பாமா துள்ளிக்கொண்டு வந்தாள். “அம்மா, இன்னொரு லெட்டர் எழுதும்மா!”

கணக்கில் எங்கள் பிரிவு ‘ஏ’ பிரிவை விட ஏற்கெனவே பின்தங்கியிருந்தது. இப்போது தரையைத் தொட்டது. ரொட்டிக்கடைக்காரர் என்னைக் கடையிலேயே நிறுத்தினார்.

“ஃப்ராவ் சிதம்பரம், நேற்று என் மகனைக் கல்லாவில் நிற்கவைத்தேன். அரை ரொட்டி கேட்ட அம்மாவுக்கு அரை ரொட்டியும், அவர் கொடுத்த காசு முழுவதையும் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.”

“மன்னிக்கவும்.”

“அவர் இன்று தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.”

மறுபடி தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். அவர் மேசையில் கோப்புகளுக்குப் பின்னாலிருந்து அவருடைய வழுக்கை மட்டும் தெரிந்தது.

“உட்காருங்கள்” என்றது வழுக்கை. “நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் பதில் சொன்னேன். இப்போது, நான் உங்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்று எல்லோருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து, இனி யாருக்கும் வேண்டாம்.”

“அறை கிடைத்தால் நிறுத்திவிடுகிறேன்.”

அவர் எழுந்தே விட்டார். “புதன்கிழமை நகராட்சிக்காரர், ஆய்வாளர் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஒரே நேரத்தில். என் பணிக்காலத்தில் இப்படி நடந்ததில்லை.”

புதன்கிழமை இருவரும் வந்தார்கள். நகராட்சிக்காரர் உயரமானவர், கையில் சாவிக்கொத்து. மாநிலத்தின் ஆய்வாளர் குள்ளமானவர், கையில் தோல் பை. பூட்டிய அறையைத் திறந்து வாசலில் நின்று பார்த்தோம். நல்ல அறை. இரண்டு பெரிய சன்னல்கள். ஆப்பிரிக்காவின் நிலப்படம் ஒன்று சுருண்டு பெஞ்சு மேல் படுத்திருந்தது.

“அறையை ஒரே நாளில் காலி செய்துவிடலாம்” என்றார் நகராட்சிக்காரர். “மாநிலம் ஓர் ஆசிரியரை நியமிக்கட்டும். ஆசிரியர் இல்லாத அறைக்குக் கணப்பு மூட்ட என்னிடம் நிதி இல்லை.”

“ஆசிரியை ஒருவர் தயாராகவே இருக்கிறார்” என்றார் ஆய்வாளர். “நகராட்சி அறையைக் கொடுக்கட்டும். அறை இல்லாத வகுப்புக்கு நான் ஆசிரியரை நியமிக்க விதி இல்லை.”

“அப்படியானால் இரண்டும் இருக்கிறதே!” என்றேன்.

“இருக்கிறது” என்றார் ஒருவர்.

“கட்டாயம் இருக்கிறது” என்றார் மற்றவர்.

“பிறகென்ன?”

இருவரும் என்னைக் கனிவோடு பார்த்தார்கள். ஒருவரையொருவர் அதைவிடக் கனிவோடு பார்த்துக்கொண்டார்கள். அறைக்குள் நுழைய வழிவிட்டு “நீங்கள் முதலில்”, “இல்லை, நீங்கள் முதலில்” என்று சொல்லிச் சொல்லி, இருவரும் நுழையவே இல்லை. பிறகு ஹெர் ப்ரூனிங்கின் அறையில் காப்பி குடித்தார்கள். இரண்டு தரப்பும் இசைந்து ஒரு முடிவு எட்டப்பட்டது. அடுத்த நிதியாண்டின் ஒதுக்கீட்டில் சேர்த்து, அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஆகஸ்டில் ‘பி’ பிரிவு காலைக்கு மாற்றப்படும். மிக விரைவான முடிவு என்று ஹெர் ப்ரூனிங் கண் கலங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை எங்கள் சமையலறை மேசையில் பால் நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடந்தது. திங்கட்கிழமை அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். நடேசன் தட்டச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு அம்பிகா” என்றார் சிதம்பரம். “ஆகஸ்டுக்கு அப்புறம் வேற வேலை பாக்கலாம். நீயும் எல்லா ஆபீஸுக்கும் எழுதிட்ட.”

“இல்ல. ஒண்ணு பாக்கி இருக்கு. நடேசன், தாள் போடு.”

“ஆருக்கு அக்கா? ஜனாதிபதிக்கோ?”

“பேராசிரியர் கெல்னருக்கு.”

சிதம்பரம் தேநீரைக் கீழே வைத்தார். கெல்னர் அவருடைய பேராசிரியர்.

“எங்க ப்ரொஃபசருக்கா? அவருக்கும் ஸ்கூலுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஸ்கூலப் பத்தி இல்ல. உங்களப் பத்தி. கான்கிரீட் மத்தியானம் நசுங்குமா?”

“நசுங்கும். அது எப்ப வேணாலும் நசுங்கும். ஆனா—”

“ஒரு மணிக்குப் பாமாவ ஸ்கூல்ல விட்டுட்டுப் போனா ராத்திரி ஒம்பது வரைக்கும் நசுக்கலாம். மெஷினும் அப்ப சும்மா இருக்கும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.”

“அம்பிகா, அவர் காரணம் கேப்பார். பொண்டாட்டி பாலச் சோதிக்கப் போறா, நான் வீட்ல பொண்ணுக்குத் தோசை ஊத்தறேன்னு சொல்லச் சொல்றியா?”

“உங்களுக்குத் தோசை வராது. ரொட்டி வெண்ணெய் போதும்.”

நடேசன் தட்டைத் தள்ளிவைத்தான். “அண்ணை, ‘குடும்பக் காரணங்களுக்காக’ எண்டு எழுதலாம். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறவை.”

“வேண்டாம்” என்றேன். “எழுதினா உள்ளத எழுதணும். என் மனைவிக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலையில் மகளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் வரை மதியம் முதல் வேலை செய்ய அனுமதிக்கக் கோருகிறேன். அவ்வளவுதான்.”

“மூண்டே வரி! அக்கா, உங்களுக்குச் சுகமில்லையோ?”

நடேசன் அடித்தான். உருளையிலிருந்து தாளை இழுத்துச் சிதம்பரத்தின் முன்னால் வைத்தான். அவர் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“முடியாதுன்னு சொல்லிட்டார்னா?”

“சொன்னா அப்ப பாத்துக்கலாம். கேக்காமயே அவர் சார்பா நீங்க முடியாதுன்னு சொல்லாதீங்க.”

“நகல் யாருக்கு?” என்று சந்தேகமாகக் கேட்டார்.

“ஒருத்தருக்கும் இல்ல.”

அது அவரை அசைத்தது என்று நினைக்கிறேன். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். “மூணாவது பிளாக் வேற வியாழக்கிழமை காலைல உடைக்கணும்” என்று முனகினார். “அத மத்தியானம் உடைங்க” என்றாள், அதுவரை மேசைக்கடியில் வண்ணப் பென்சில்களோடு இருந்த பாமா.

கையெழுத்துப் போட்டார். நான் ஒப்பந்தத்தில் போட்டேன். அவர் கடிதத்தை மடித்து உறையில் வைத்து, ஓரத்தை நாவால் தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். ஏதோ விரிசல் தேடுவது போல மறுபடி அழுத்தினார். பிறகு என் உறையையும் வாங்கிக்கொண்டு, ஆறு மணித் தபால் வண்டிக்கு முன் போட்டுவிட வேண்டும் என்று கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

தபால் பெட்டி எதிர்ச் சாரியில் இருந்தது. நடேசன் சன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டினான். குளிர்காற்று உள்ளே வந்தது.

“அக்கான்ர கடிதம் போட்டாச்சு” என்று எனக்குச் செய்தி சொன்னான். “அண்ணை மற்றதைக் கையில வச்சுக்கொண்டு நிக்கிறார்.”

நான் உப்புமாச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“இன்னும் நிக்கிறார் அக்கா. வண்டி வருது.”

“நிக்கட்டும்.”

நடேசன் தெருவே கேட்கக் கத்தினான். “அண்ணை! விழுந்துதோ?”

கீழேயிருந்து, தமிழில், இரண்டு வீட்டுச் சன்னல்கள் திறக்கும் அளவுக்குப் பதில் வந்தது.

“விழுந்துடுச்சு!”