டர்ஃபில் ஹாவர்கேட் தோற்கும்

திங்கட்கிழமை மதியம் லொரெய்ன் சோப்சாக்கின் டயர் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரி லொரெய்ன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற கோர்டி ஹாக்னஸ். உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராகப் போய் ஊரில் பாதிப் பேரிடம் வசவு வாங்கியிருக்கிற டெல்ராய் பெட்டிஃபோர்டு. வான்கோழி இறைச்சி ஆலையில் இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்கப் போகாமல் வந்திருந்த நான். பிறகு, பனியில் வழுக்காத குளிர்கால டயர் மாட்டிக்கொள்ள வந்து, கார் ஜாக்கியின் மேல் நின்றதால் தப்பிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு பல் மருத்துவர். அவரை இத்துடன் மறந்துவிடலாம். அவரும் எங்களை மறக்கத்தான் முயன்றிருப்பார்.

பெண்கள் கல்லூரிக் கால்பந்தின் நாக்-அவுட் சுற்றுக்கு யார் யாருடன் மோதுகிறார்கள் என்று அன்றுதான் தொலைக்காட்சியில் அறிவிப்பார்கள். ஒவ்வொரு நவம்பரும் அந்த அறிவிப்பைப் பார்க்க நாங்கள் டயர் கடையில் கூடுவோம். டயரில் குறி போடும் மஞ்சள் மெழுகுக் கட்டியால், கடையின் முன்பக்கக் கண்ணாடியில், ரோட்டிலிருந்து படிக்கும்படி இடவலம் மாற்றி, அவரவர் கணிப்பை எழுதுவோம். பலித்தால் ஒரு பாயின்ட். போட்டி முழுவதும் முடியும்வரை யாரும் அழிக்கக்கூடாது. ஊர் மொத்தமும் அந்த வழியாகத்தான் போகும். தப்பாக எழுதியவனை மளிகைக் கடையில்கூட நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். லொரெய்னுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

கணிப்பில் கோர்டிக்குத் தனி இடம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஊரின் எல்ம்ஸ்டெட் கல்லூரி வானொலியில் ஐந்து நிமிடம் பேசுகிறவர் அவர். அவரிடம் ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. ஆட்டக்காரர்களைப் பார்க்காதே, தரையைப் பார். எல்ம்ஸ்டெட்டின் மைதானம் செயற்கைப் புல், அதாவது டர்ஃப். நிஜப் புல்லில் விளையாடிப் பழகிய அணி டர்ஃபுக்கு வந்தால் முதல் ஆட்டத்திலேயே தோற்கும். பந்து அங்கே சீக்கிரம் வரும், காலுக்கு அது புரிவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். இதை ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பல தடவை பலித்தது. பலிக்காத தடவைகளுக்குக் காற்றைக் குறை சொன்னார்.

டர்ஃபின் இடுக்குகளில் நிரப்பியிருக்கும் கறுப்புத் துகள் பழைய டயரை அரைத்துச் செய்தது. அதனால் அந்த மைதானமே தன்னுடையது என்பது போல லொரெய்ன் பேசுவாள்.

அறிவிப்பாளர் படித்தார். எல்ம்ஸ்டெட், சொந்த மைதானத்தில். எதிரணி, அயோவா மாநிலத்திலிருந்து ஹாவர்கேட் கல்லூரி.

எல்லாரும் கோர்டியைப் பார்த்தோம். ஹாவர்கேட்டின் கோல்கீப்பர் மேரென் ஹாக்னஸ். கோர்டியின் ஒரே மகள். கடைசி வருடம். ஹாவர்கேட் இந்தச் சுற்றுக்கு வந்ததே இதுதான் முதல் தடவை. தோற்றால் அவள் விளையாட்டு அன்றோடு முடிந்தது. இந்தக் கல்லூரிகளில் விளையாடுகிற யாரும் அதற்குப் பிறகு எங்கேயும் விளையாடப் போவதில்லை. வேலைக்குப் போவார்கள்.

"ஹாவர்கேட்ல என்ன தரை கோர்டி?" டெல்ராய் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு வயசாச்சுய்யா. மறந்து போச்சு."

"புல்லு," என்றார் கோர்டி. "நிஜப் புல்லு."

"அய்யய்யோ," என்றாள் லொரெய்ன். "அப்ப உன் கொள்கைப்படி பாவம் அந்தப் பொண்ணுங்க. ரொம்பத் தூரத்துலேர்ந்து வேற வர்றாங்க."

கோர்டி மெழுகுக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தேன், இருந்தாலும் அந்த முதுகைப் பார்க்கத் தமாஷாக இருந்தது.

"மகளுக்கே போடுய்யா. யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"ஆறு வருஷமாத் தரையைப் பாத்துதான் சொல்றேன். இப்ப மட்டும் மகளப் பாத்துச் சொன்னா, அப்புறம் என் பேச்சுக்கு என்ன மதிப்பு?"

"இப்ப மட்டும் என்ன மதிப்பு இருக்கு?" என்றார் டெல்ராய்.

கோர்டி எழுதினார். டர்ஃபில் ஹாவர்கேட் தோற்கும். எழுத்து அவர் வழக்கமாக எழுதுவதைவிடச் சிறியதாக இருந்தது. லொரெய்ன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரோட்லேர்ந்து நல்லாத் தெரியுது," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவர் வானொலியில் பேசியதை நாங்கள் கடையில் கேட்டோம். ஹாவர்கேட் கோல்கீப்பர் புல்லில் கெட்டிக்காரி என்றார். டர்ஃபில் பந்து சறுக்கி வரும்போது அவள் முன்னால் ஓடி வருவதற்கு அரை மூச்சு தாமதமாகும், கோல் அங்கேதான் விழும் என்றார். தரை ஈரமாக இருந்தால் பந்து இன்னும் வேகமாக வரும், ஹாவர்கேட் பாடு திண்டாட்டம்தான் என்று முடித்தார். முடித்துவிட்டு நேரே கடைக்கு வந்து, பாராட்டை எதிர்பார்க்கிறவர் முகத்தோடு காப்பி ஊற்றிக்கொண்டார். சட்டைப்பையில் அவருடைய கைப்பேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கடைத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"டயர் கடை."

"மேரென் பேசறேன். எங்கப்பா அங்க இருக்காரா?"

கோர்டி இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார்.

"இருக்கார். இல்லைன்னு சொல்லச் சொல்றார்," என்றேன்.

"ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். லொரெய்ன் காற்றடிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அப்பா, பஸ்ல எங்க டீம் மொத்தமும் கேட்டுச்சு. நான் லேட்டா வருவேனாமே."

"ஹாவர்கேட் கோல்கீப்பர்னுதான்மா சொன்னேன். பேரச் சொல்லல."

"எங்க டீம்ல எத்தனை கோல்கீப்பர்?"

"ரெண்டு."

"இன்னொருத்தி முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு கட்டையை ஊணிக்கிட்டு நடக்கறா. அவளைச் சொன்னியா?"

டெல்ராய் வாயைப் பொத்திக்கொண்டு டயர் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டார்.

"தோத்தா நாளையோட எனக்கு எல்லாம் முடிஞ்சுது. அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"நாளைக்கு எங்க பக்கம் வந்து உக்காராத. யாரு ஜெயிப்பாங்கன்னு சொன்னியோ, அவங்க பக்கம் உக்காரு."

வைத்துவிட்டாள். கோர்டி காப்பியைக் குடிக்காமல் தொட்டியில் ஊற்றினார். அந்தக் கடைக் காப்பிக்கு அதுதான் சரியான இடம், ஆனால் அவர் அதற்காக ஊற்றவில்லை.

"நான் இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"நாளைக்கு யாரு ஜெயிக்கணும்னு முடிவு பண்ணு," என்றாள் லொரெய்ன்.

"அது எப்பவோ முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப கண்ணாடியில ஏன் வேற எழுதியிருக்க?"

"ரெண்டும் வேற வேற விஷயம் லொரெய்ன்."

"உனக்கு வேற. அவளுக்கு?"

கோர்டி தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிவிட்டது என்று போனார்.

சனிக்கிழமை காலை நான் ஆலையிலிருந்து வெளியே வந்தபோது வடக்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் மைதானத்துக்குப் போனேன். எல்ம்ஸ்டெட்டில் மூன்று பருவம் படித்துவிட்டு நின்றவன் நான். அந்த வளாகத்துக்குள் இப்போது நான் போவது கால்பந்துக்கு மட்டும்தான்.

எல்ம்ஸ்டெட் பயிற்சியாளர் வேன்ஸ் டில்லரி, வெள்ளிக்கிழமை வானொலியைக் கேட்டிருக்கிறார். ஈரமானால் பந்து வேகமாக வரும் என்று கோர்டி சொன்னது அவர் மனதில் நின்றுவிட்டது. காலையில் தெளிப்பான்களைத் திறந்துவிட்டு டர்ஃப் முழுவதையும் நனைத்திருந்தார். செப்டம்பரில் எல்லாரும் செய்வதுதான். நவம்பரில், வடக்குக் காற்று அடிக்கிற நாளில் செய்வதற்கு வானொலியை மிகவும் நம்ப வேண்டும். தண்ணீர் துகளுக்கு இடையில் உறைந்து, மைதானம் நீளத்துக்கும் பளபளவென்று கிடந்தது. சோதனை செய்ய வந்த போட்டி அதிகாரி நான்கு அடி எடுத்து வைத்தார். ஐந்தாவது அடியில் நடு வட்டத்தில் உட்கார்ந்தார்.

"கோடைக்கால டயர்," என்றாள் லொரெய்ன் என் பக்கத்திலிருந்து.

வெயில் வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். எங்கள் ஊரில் நவம்பரில் வெயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுமே. கடைசியில், ஆட்டத்தை ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் பழைய மைதானத்துக்கு மாற்றினார்கள். நிஜப் புல். கல்லூரி இசைக்குழு நடை பழகுகிற இடம். தரை கல்லாக இறுகி, மேடும் பள்ளமுமாக இருந்தது, ஆனால் வழுக்கவில்லை.

டெல்ராய் கோர்டியின் தோளில் கை போட்டார். "புல்லுக்கு மாத்திட்டாங்க. இப்ப உன் கொள்கை யாரு ஜெயிப்பாங்கன்னு சொல்லுது?"

"ஹாவர்கேட்," என்றார் கோர்டி. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"கண்ணாடியில எழுதினத அழிக்கக் கூடாது."

"எழுதினது அப்படியே இருக்கட்டும். டர்ஃபுலன்னு போட்டிருக்கேன் பாரு."

பழைய மைதானத்தில் உட்கார இடம் கிடையாது. உங்கள் பக்கம், எங்கள் பக்கம் என்றும் கிடையாது. ஒரே ஒரு கயிறு கட்டி எல்லாரையும் அதன் பின்னால் நிறுத்தினார்கள். கோர்டி ஒன்றும் தெரியாதவர் போல மெல்ல மெல்ல நகர்ந்து, மேரெனின் கோலுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். போகச் சொல்லவில்லை. முதல் பாதியில் கோல் விழவில்லை. எல்ம்ஸ்டெட்டின் வாய்ப்புகளைத் தடுத்தது மேரென்தான்.

இரண்டாம் பாதியில் அணிகள் இடம் மாறின. கோர்டியும் கூட்டத்தோடு கூட்டமாக மறுமுனைக்கு நடந்தார். அந்தப் பக்கம் ஏரி. ஏரியிலிருந்து கனடா வாத்துகள் கரையேறி கோலுக்குப் பின்னால் மேயத் தொடங்கின. ஒன்று வலைக்குள்ளேயே வந்துவிட்டது. இடுப்பளவு உயரம், யாருக்கும் பயப்படாத ஜாதி. மேரென் கையுறையைத் தட்டிப் பார்த்தாள். வாத்து அவளைப் பார்த்துச் சீறியது.

அவள் திரும்பாமலேயே கத்தினாள். "அப்பா! சும்மாத்தான நிக்கற? அதை விரட்டு!"

கோர்டி கயிற்றைத் தாண்டிக் குதித்தார். ஐம்பத்தெட்டு வயசு மனிதர், பெரிய தொப்பை, கைகளை விரித்துக்கொண்டு வாத்துக்குப் பின்னால் ஓடினார். ஒன்றை விரட்டினால் இரண்டு வந்தன. கூட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கை தட்டியது. ஒரு வாத்து அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. அதை உதறிக்கொண்டே ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டார்.

அப்போதுதான் கோல் விழுந்தது. எல்ம்ஸ்டெட் பெண் தொலைவிலிருந்து சாதாரணமாக ஒரு பந்தை உருட்டிவிட்டாள். மேரென் சரியான நேரத்தில் முன்னால் வந்து குனிந்தாள். இசைக்குழுக்காரர்கள் மிதித்து மிதித்து உண்டாக்கிய ஒரு மேட்டில் பட்டு, பந்து அவள் தோளுக்கு மேல் எகிறி வலைக்குள் போனது. உலகத்தில் எந்தக் கோல்கீப்பரும் அதைப் பிடித்திருக்க முடியாது. கோர்டி திரும்பி வந்தபோது எல்ம்ஸ்டெட் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் ஒரு வாத்து இறகு இருந்தது.

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது.

மாலையில் கடையில் நாங்கள் நான்கு பேர். கோர்டி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாழ்த்துகள். உன் கணிப்பு பலிச்சிடுச்சு," என்றார் டெல்ராய்.

"பலிக்கல. நான் டர்ஃபுன்னு சொன்னேன்."

"ஹாவர்கேட் தோத்துச்சா இல்லையா?"

"காரணம் தப்பா இருந்தா கணிப்பும் தப்புதான். எனக்குப் பாயின்ட் வேண்டாம். கண்ணாடியில குறுக்கக் கோடு போட்டுடு."

லொரெய்ன் சிரித்தாள். "ஆறு வருஷமா எதுவா இருந்தாலும் பாயின்ட் குடுன்னு சண்டை போட்ட ஆளு இது. கேட்டுக்கங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. நான் பாக்கல. அவ லேட்டா வந்தாளா?"

டெல்ராய் என்னைப் பார்த்தார். நான் லொரெய்னைப் பார்த்தேன். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்று மூன்று பேருக்குமே தோன்றியிருக்க வேண்டும்.

"அவளையே கேளு," என்றாள் லொரெய்ன்.

"என்கூடப் பேசினாத்தான கேக்கறதுக்கு."

கதவு திறந்தது. மேரென், ஈரத் தலையோடு, தோளில் பெரிய பையோடு உள்ளே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள். கண்ணாடியில் எழுதியிருந்ததை உள்பக்கத்திலிருந்து, இடவலம் மாறிய எழுத்துகளாக, பொறுமையாகப் படித்தாள்.

"இதானா அது?"

"கோடு போட்டு அடிக்கச் சொல்லிட்டேன்மா," என்றார் கோர்டி.

"எதுக்கு? இருக்கட்டும். அடுத்த வருஷம் நான் விளையாட மாட்டேன். அப்ப நீ யாரை வேணா தோக்கடிச்சுக்க." பையை அவர் மடியில் போட்டாள். "எங்க பஸ் கிளம்பிடுச்சு. நான் போகலன்னு கோச்சுகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு நீதான் கொண்டு விடணும்."

"அயோவா வரைக்குமா?"

"வாத்து பின்னாடி ஏரி வரைக்கும் ஓடினேல்ல?"

டெல்ராய் இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. கோர்டி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.

"மேரென். நீ லேட்டா வந்தியா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கால்சட்டையில் வாத்து கிழித்திருந்த இடத்தையும் பார்த்தாள்.

"பசிக்குது. வண்டியில சொல்றேன். நட."

அவர் முன்னால் போனார், அவள் அவரைத் தள்ளாத குறையாகப் பின்னால் போனாள். லொரெய்ன் எழுந்து கதவைச் சாத்தி, அவர்கள் பின்னால் பூட்டினாள்.