ஜட்ஜ் ஐயா காரின் இடது சென்சார்

என் அண்ணனும் என் கணவரும் பேச்சை நிறுத்தியதிலிருந்து எனக்குத்தான் வாய் வலித்தது.

இருவரும் சேர்ந்து நடத்தும் கார் ஒர்க்‌ஷாப் அது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மேசை, அந்தப் பக்கம் அவர்கள். அண்ணன் சரியாகிவிட்டது என்று சொன்ன ஒரு காரை, வாடிக்கையாளர் முன்னாலேயே என் கணவர் கோளாறு காட்டும் ஸ்கேனரை மறுபடியும் போட்டுப் பார்த்தார். அவ்வளவுதான் சங்கதி. கார் நன்றாகத்தான் இருந்தது. இவர்கள்தான் கெட்டுப்போனார்கள்.

"ஜாக்கி வேணும்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

ஜாக்கி இருவர் காலுக்கும் நடுவில் கிடக்கும். நான் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும்.

"எடுத்துக்கச் சொல்லு உங்க அண்ணனை. நான் என்ன இடுப்புலயா கட்டி வச்சிருக்கேன்?"

நான் அதிகம் பேசாதவள். வேலையில்லாத நேரத்தில் மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, பக்கம் புரளும் சத்தம்கூடக் கேட்காமல் இருப்பவள். மௌனத்தில் பல தினுசு உண்டு. மழை விட்டபின் வருவது ஒன்று, நல்ல கதை முடிந்தபின் வருவது ஒன்று. இவர்களுடையது எதிலும் சேராது. இரண்டு பேர் வாயை மூடிக்கொள்வதற்காக மூன்றாவது ஆள் நாள் முழுக்கக் கத்த வேண்டிய மௌனம் அது.

அந்த நிலையில்தான் ஜட்ஜ் ஐயா தன் பெரிய கறுப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓய்வுபெற்று வெகு காலமாகியும் யார் சண்டை போட்டாலும் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது, புகையில் பெட்ரோல் நாறியது. ஸ்கேனர் காட்டியது: இடது பக்க ஆக்சிஜன் சென்சார்.

அது விரல் நீளச் சாமான். புகைக்குழாயில் திருகியிருக்கும். எஞ்சின் விடும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று மோந்து பார்த்துக் கம்ப்யூட்டருக்குக் கோள் சொல்வதுதான் அதன் வேலை. அது தப்பாகச் சொன்னால் கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றும். ஆனால் ஸ்கேனர் சென்சார் என்று காட்டினாலே சென்சார்தான் கெட்டது என்று ஆகிவிடாது. ஒயர் பழுதாக இருக்கலாம், குழாயில் ஓட்டை இருக்கலாம். அந்தக் காரில் ஆறு சிலிண்டர். பக்கத்துக்கு மூன்று, பக்கத்துக்கு ஒரு சென்சார்.

"ஒயராத்தான் இருக்கும்னு சொல்லு," என்றார் கணவர்.

"குழாய்தான். மோந்து பாத்தாலே தெரியுது. மூக்கு இருக்கறவங்களுக்குத் தெரியும்னு சொல்லு," என்றான் அண்ணன்.

ஜட்ஜ் ஐயா என்னைப் பார்த்தார். "என்னம்மா, மொழிபெயர்ப்பாளர் வேலையா?"

"ஒரு மாசமா, ஐயா. ரெண்டுல ஒருத்தர் வேற கடை பாக்கணும்னு முடிவாகியிருக்கு. யாருன்னுதான் முடிவாகல."

"அதுக்கென்ன, இந்த வண்டியை வச்சே தீத்துக்குங்க. கோளாறைக் கண்டுபிடிக்கிறவங்க கடையில இருக்கட்டும். கண்டுபிடிக்காதவங்க கிளம்பட்டும். சாயங்காலம் வரேன்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அண்ணன் தோற்றால் எனக்கிருக்கும் ஒரே அண்ணன் வாசல்படி மிதிக்க மாட்டான். கணவர் தோற்றால் அவரோடு நானும் கிளம்ப வேண்டும். யார் ஜெயித்தாலும் தோற்கப்போவது நான்.

அவர் போன சிறிது நேரத்தில், காலையிலேயே, அண்ணன் சாமான் வாங்க வெளியே போனான். அவன் தெருமுனை திரும்பினானோ இல்லையோ, கணவர் காருக்கடியில் புகுந்தார். சென்சாருக்கென்றே பக்கவாட்டில் பிளந்த சாக்கெட் என்னும் குழல் ஸ்பேனரைப் போட்டு இரண்டையும் கழற்றினார். இடதை வலதில் திருகினார், வலதை இடதில். பழைய பரிசோதனைதான். அதன்பின் கோளாறும் வலதுக்குப் போனால் சென்சார் கெட்டது. இடதிலேயே நின்றால் சென்சார் நல்லது. "எனக்கு ஸ்கேனர் போதும், கழட்டி மாட்றதெல்லாம் அந்தக் காலம்" என்று அண்ணனைக் கேலி செய்தவர் இவர். ஸ்கேனரில் பழைய பிழையை அழித்தார். ஓட்டிப் பார்க்கலாம் என்று சாவியைத் தேடும்போது அண்ணன் வந்துவிட்டான். கணவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வேறு காரைத் துடைக்க ஆரம்பித்தார்.

மதியம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். உடனே அண்ணன் அதே சாக்கெட்டோடு அதே காருக்கடியில் புகுந்தான். "என் மூக்குதான் என் மெஷின்" என்று மார்தட்டுபவன். கழற்றினான், மாற்றினான், மாட்டினான். வெளியே வந்தபோது முகமெல்லாம் பெருமை.

"சென்சார்னா பொதுவா துருப்பிடிச்சு அழ வைக்கும்மா. என் கை பட்டதும் அதுவாவே கழண்டு வந்துச்சு. கைராசி!"

நான் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சிரிப்பை அடக்குவதில் தோள்பட்டை குலுங்கியது.

அவன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். விளக்கு எரிந்தது. கணவரின் ஸ்கேனரைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போட்டான், இடது பக்கம்தான். ஆக, சென்சார் நல்லது என்று முடிவு கட்டினான். சாப்பிட்டு வந்த கணவர், அண்ணன் ஓட்டி வந்ததில் எரியும் விளக்கைப் பார்த்தார், ஸ்கேனர் போட்டார், இடது. ஆக, சென்சார் நல்லது என்று அவரும் முடிவு கட்டினார். ஒரு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. அதற்கோ ஓர் ஆதாரமும் இல்லை. ஒருவர் மாற்றியதை இன்னொருவர் மாற்றி, சென்சார் இரண்டும் பழையபடி தத்தம் இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் ஒரு மாதமாக என்னைக் குழாய் ஒலிபெருக்கி மாதிரி பயன்படுத்தியவர்களுக்கு அதையும் நானே கத்திச் சொல்ல வேண்டுமா? நான் வாயை மூடிக்கொண்டேன். எத்தனை சுகமாக இருந்தது.

கணவர் இடது பக்க ஒயர்மேல் சுற்றிய டேப்பை அடி அடியாக உரித்தார். அண்ணன் இடது பக்கக் குழாயில் சோப்புத் தண்ணீரை அடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். சோப்பு நுரை கணவர் காதில் வழிந்தது.

"குளிச்சுட்டுத்தான் வந்தேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு."

"பாத்தா தெரியலன்னு சொல்லு."

ஒயரில் குறையில்லை. குழாயில் குமிழியில்லை. கணவர் புது டேப்பைச் சுற்றி முடித்தார். பிறகு இருவரும் தேநீர் குடிக்க ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

நான் புத்தகத்தில் அடையாளம் வைத்துவிட்டு எழுந்தேன். கடை தொடங்கிய புதிதில் நானும் ஸ்பேனர் பிடித்தவள்தான். வாடிக்கையாளரிடம் மரியாதையாகப் பேச இவர்கள் இருவருக்கும் வராது என்பதால் மேசைக்கு வந்தேன். காருக்கடியில் படுத்தேன். கழற்றினேன், மாற்றினேன், பிழையை அழித்தேன். உண்மையான பரிசோதனை அப்போதுதான் தொடங்கியது. சென்சார் நல்லதாக இருந்தால் என் கதியும் அதோகதிதான். கையைக் கழுவி, நகத்திடுக்கில் கரி தெரியாமல் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ஜட்ஜ் ஐயா வந்தார். அவரே ஓட்டினார். கணவர் முன்னால் ஸ்கேனரோடு, அண்ணனும் நானும் பின்னால். பாலம் ஏறி இறங்கியதும் விளக்கு எரிந்தது.

கணவர் திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"வலது," என்றார்.

"என்னது?" அண்ணன் முன் இருக்கையைப் பிடித்து எக்கினான். "யோவ் மாப்பிள்ளை, இடதுதானேய்யா? நான் மதியம் மாத்திப் பாத்தேனே!"

"நீங்க மாத்தினீங்களா? மச்சான், நான் காலையிலயே மாத்திட்டேன்!"

"அப்ப உன் மெஷின் என்னய்யா ஆச்சு?"

"உங்க மூக்கு என்ன ஆச்சு?"

ஜட்ஜ் ஐயா காரை ஓரங்கட்டினார். "இருங்க. காலையில மாப்பிள்ளை, மதியம் மச்சான். அப்ப சென்சார் பழைய இடத்துக்கு வந்திருக்கணும். வலதுக்கு யார் கொண்டுபோனது?"

நான் மடக்கிய விரல்களை விரித்துக் காட்டினேன். கரி.

இருவரும் என் நகத்தையே வெறித்தார்கள். அந்த நொடியை அணு அணுவாக ரசித்தேன்.

"ஆக, சென்சார்தான் கெட்டிருக்கு," என்றார் ஜட்ஜ் ஐயா. "கண்டுபிடிச்சது இந்தம்மா. பேச்சுப்படி கடையில இவங்க இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் கிளம்பலாம்."

"ஐயா, இது அநியாயம்," என்றான் அண்ணன்.

"விளையாட்டுக்குச் சொன்னதுதானேம்மா?" என்று கணவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு மெக்கானிக் வேணும்," என்றேன். "ஒருத்தரோட ஒருத்தர் வாய் விட்டுப் பேசறவங்களா. இஷ்டம்னா நாளைக்கு வரலாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கதவைத் திறந்து இறங்கி பானெட்டைத் தூக்கினார்கள்.

"கொதிக்குது மாப்பிள்ளை, தொடாதே!"

"மச்சான், ஆறட்டும், நானே கழட்றேன்."

"நீ கழட்டினது போதும். அந்தப் பக்கம் தள்ளு."

"சாக்கெட் எங்க?"

"உன்கிட்டதான இருந்துச்சு?"

"என்கிட்டயா? கடைசியா எடுத்தது நீங்க!"

சத்தம் தெருவின் மறுகோடி வரை கேட்டது. என்னை யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. நான் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா," என்றார் ஜட்ஜ் ஐயா, "நான் எப்ப வீட்டுக்குப் போறது?"

"கொஞ்சம் பொறுங்க, ஐயா. வழக்கு அப்பீலுக்குப் போயிருக்கு."