பாரிஸ் என்ற பேராயர்

பாலிகஞ்ச் மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சிக்குள் நுழைந்ததும் தமயந்தி கணவர் வாஞ்சிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம்வரை தனியாகத்தான் வருவாள். இப்போது பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது. எதை நேராகப் பார்த்தாலும் அங்கே ஒரு புகைத்திட்டு. இனி வாங்குவதற்கில்லை, பழகியவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பியிருந்தாள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பிஷப்புகளே நாட்டை ஆண்டு தங்கள் பெயரில் வெள்ளிக்காசு அடித்தார்கள் என்பதும், பெஹாலாவில் குடியிருக்கும் பேங்க் ஆபீசரான தன் மனைவி அவற்றைத் தேடித்தேடிச் சேர்க்கிறாள் என்பதும் வாஞ்சிநாதனுக்கு ஒரே அளவு விசித்திரம். அவற்றில் ஒன்றைக்கூட அவர் உற்றுப் பார்த்ததில்லை.

காசு வியாபாரி ஷிபேன் பாபு எழுந்து நின்று வங்காள மொழியில் சொன்னார்: “தீதி, சால்ஸ்பர்க் காசு. உங்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன்.”

பல வருடமாக அவள் தேடிய காசு. ஓரத்தைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு மெல்ல இறக்கிவிட்டாள்.

“இரு, நான் பாக்கறேன்” என்று வாஞ்சிநாதன் லென்ஸை எடுத்துக்கொண்டார். “ஒரு அம்மா. மடியில குழந்தை. சுத்தி எழுத்து... பாரிஸ்னு இருக்கே. பாரிஸ் காசா இது?”

“ஊர் இல்லை, ஆர்ச்பிஷப் பேரு.” அவள் குரல் தெளிந்தது. “சுத்திவர முப்பது வருஷம் சண்டை. இந்த மனுஷன் அதைத் தன் ஊருக்குள்ள விடலை. அந்த நாள்லயே யுனிவர்சிட்டி ஆரம்பிச்சார். திருப்புங்கோ. அந்தப் பக்கம் ஒரு தாடிக்காரர் இருப்பார். கையில என்ன?”

“ஏதோ பீப்பாய் மாதிரி.”

“உப்பு. அந்த ஊரே உப்பால வாழ்ந்தது.”

காசை வாங்கி விளிம்பை நகத்தால் சுற்றிவந்தவள் ஓரிடத்தில் மேடு தட்டியதும் நிறுத்தினாள். “இங்க வளையம் வெச்சு ஒட்டியிருந்திருக்கா. யாரோ கழுத்துல போட்டுண்டிருந்திருக்கா.”

ஷிபேன் பாபு லென்ஸில் பார்த்தார். “நான் கவனிக்கவில்லை, தீதி” என்றார்.

வாஞ்சிநாதன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் இவளை இப்படிப் பார்த்ததில்லை.

“வாங்கிக்கோயேன்” என்றார். “இந்தப் பக்கத்து எழுத்தை நான் இன்னும் படிக்கலை.”

வீடு திரும்பும் வழியில் கரியாஹாட் சிக்னலில் டாக்சி நின்றது. தமயந்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, காசை மட்டும் கன்னத்தருகே உயர்த்திப் பிடித்திருந்தாள்.

“ஓரக்கண்ணுல கொஞ்சம் தெரியறது” என்றாள்.

புடவைக் கடையின் வெளிச்சம் வெள்ளியில் விழுந்தது. அவர் அவள் தோள்மேல் சாய்ந்து, எழுத்து எழுத்தாகப் படிக்கத் தொடங்கினார்.